வேலை செய்யும் உரிமையே இல்லாத முகாமில் பெண்கள் மேம்பாடு என்றால் என்ன? பாலின வல்லுநர் பணிக்குப் போகும் முன் சில ஐயங்கள்

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். மதுரை, தேனி மாவட்டங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு 11 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா மக்கள் தங்கியிருக்கும், வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்ட முகாம்களில் பெண்களுக்கான திட்டங்களுக்குப் பாலின வல்லுநராக வர இயலுமா என்று ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கேட்டிருக்கிறது. அடுத்த வாரம் நேர்காணல். போக வேண்டும் என்றே மனம் சொல்கிறது. ஆனால் போவதற்கு முன் தெளிவுபெற வேண்டியவை சில இருக்கின்றன. களத்தில் இருந்தவர்கள் இந்தக் குழுவில் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பெண் மேம்பட்டிருக்கிறாள் என்று சொல்ல எங்களிடம் சில அடையாளங்கள் உண்டு. அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கும். வாராவாரம் சேமிப்பாள், குழுவின் பெயரில் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவாள். நாளடைவில் கிராம சபையில் எழுந்து தெருவிளக்கைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ கேள்வி கேட்பாள். காக்ஸ் பஜாரைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்த அடையாளங்களில் ஒன்றுகூட அங்கே பொருந்தாது என்று தெரிகிறது. மியான்மரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. வங்கதேசம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. முகாமில் இருப்பவர்கள் வெளியே சென்று கூலி வேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை, வங்கிக் கணக்கும் தொடங்க முடியாது. இப்படி வாயில்கள் எல்லாம் அடைபட்ட இடத்தில் ‘பெண்களுக்கு அதிகாரமளித்தல்’ என்று ஒரு திட்டத்துக்குப் பெயர் வைத்து, அதை நடத்த என்னை அழைக்கிறார்கள் என்றால், நான் அங்கே எதைச் செய்யப் போகிறேன்?

பணி விவரக் குறிப்பில் பாலினப் பகுப்பாய்வு, ஊழியர்களுக்குப் பயிற்சி, திட்டங்களில் பாலினக் கண்ணோட்டத்தை இணைத்தல் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். காலையில் முகாமுக்குள் நுழைந்து மாலையில் வெளியே வரும் வரை அந்த வல்லுநர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது மட்டும் அதிலிருந்து விளங்கவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது, மார்க்கமும் வழக்கமும் வேறு. ஒரு தமிழ்ப் பெண் போய், அத்தனை கொடுமைகளைக் கடந்து வந்த பெண்களிடம் “நீங்கள் இப்படி வாழ வேண்டும்” என்று சொல்வது எந்த வகையில் சரி?

மறுமொழி: நெய்தல்

வணக்கம் தோழி. காக்ஸ் பஜாரின் உக்கியா பகுதி முகாம்களில் இரண்டரை ஆண்டுகள் இதே பணியில் இருந்தேன். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

போகும்போது நானும் அகதிப் பெண்களோடுதான் நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பேன் என்றே நினைத்தேன். போன பின்புதான் தெரிந்தது, என் நேரத்தில் பெரும்பங்கு எங்கள் சொந்தப் பணியாளர்களோடு செலவாக வேண்டியது என்று. கழிப்பறை கட்டும் பொறியாளர், உணவு வழங்கும் இடத்தை நிர்வகிப்பவர், வரவு செலவுத் திட்டம் எழுதுபவர், குறைதீர் மேசையில் உட்காருபவர் ஆகியோரின் முடிவுகள்தான் ஒரு ரோஹிங்யாப் பெண்ணின் நாளை வடிவமைக்கின்றன. அந்த முடிவுகள் எடுக்கப்படும் கூட்டத்தில் அவள் இல்லை. அவள் சொன்னதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து, அது ஏற்கப்படும் வரை விடாமல் நிற்பதுதான் வல்லுநரின் முதல் வேலை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து வந்தபோது, காட்டை வெட்டிய குன்றுகளில் அவசர அவசரமாகக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. இத்தனை பேருக்கு ஒன்று என்ற கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தது. ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கதவு, பல இடங்களில் உள்ளே தாழ்ப்பாள் இல்லை, இரவில் விளக்கும் இல்லை. பெண்கள் பகலில் போகக் கூச்சப்பட்டு, இரவில் போக அஞ்சி, தண்ணீர் குடிப்பதையும் சாப்பிடுவதையும் குறைத்துக்கொண்டார்கள். குடிசைக்குள்ளேயே ஒரு மூலையில் துணியைக் கட்டிக் குளித்தார்கள். இவையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் தெரியவராது. பெண்களோடு சேர்ந்து அந்தப் பாதையில் ஒரு முறை பகலிலும் ஒரு முறை அந்தி சாயும் நேரத்திலும் நடந்தால் தெரியும். பாதுகாப்புத் தணிக்கை என்று அதற்குப் பெயர். எங்கள் தணிக்கை ஒன்றில் ஒரு கழிப்பறை வரிசைக்குப் போகும் வழி தேநீர்க் கடையைக் கடந்து செல்வதால்தான் பெண்கள் அதைப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தது. பாதையை மாற்றினோம், தாழ்ப்பாள் போட்டோம். அதற்கு ஆன செலவு மிகக் குறைவு. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பொறியியல் குழுவைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஏழு வாரம் பிடித்தது.

2018இல் முகாம்களில் சமையல் எரிவாயு வழங்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் பெண்களும் சிறுமிகளும் விறகுக்காகக் காட்டுக்குள் போய்வந்தார்கள். அங்கே அவர்களுக்கு நேர்ந்தவற்றை நான் இங்கே எழுத விரும்பவில்லை. எரிவாயு வழங்கலை யாரும் பெண்கள் திட்டம் என்று அழைக்கவில்லை. ஆயினும் நான் பார்த்த வரையில் பெண்களின் அச்சத்தை அந்த அளவுக்குக் குறைத்த திட்டம் வேறொன்று இல்லை. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஆண் துணையில்லாத வீட்டுப் பெண், நிரம்பிய உருளையைக் குன்றின் மேல் எப்படி ஏற்றுவாள்? சுமக்க ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலிக்குப் பணம் இல்லாமல் அரிசியில் ஒரு பங்கை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சுமை தூக்க உதவும் ஆட்களைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும் பாலின வல்லுநரின் வேலைதான்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பணமும் வேலையும் இல்லாத இடத்தில் அதிகாரம் என்பது அட்டையில் இருக்கிறது. 2018 ஜூனில் தொடங்கிய பதிவில் 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடையாள அட்டை கிடைத்தது. அது ரோஹிங்யாப் பெண்கள் பலருக்குத் தம் பெயரும் படமும் கொண்ட முதல் ஆவணமாக இருந்தது. ஆனால் உணவு குடும்பக் கணக்கில்தான் வருகிறது. கணவன் இன்னொரு பெண்ணை மணந்து அடுத்த முகாமுக்குப் போய்விட்டால், அல்லது தலாக் சொல்லிவிட்டால், குடும்பக் கணக்கைப் பிரித்துத் தரும் வரை அவளுடைய அரிசி அவன் கையில் இருக்கும். பிரிப்பதற்கு அவள் முகாம் பொறுப்பதிகாரியின் அலுவலகத்துக்குப் போக வேண்டும், அதற்கு முன் ‘மாஜி’ எனப்படும் தொகுதித் தலைவரின் பரிந்துரை வேண்டும். மாஜிகள் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள், கணவனின் உறவினராகவும் இருக்கக்கூடும். இந்தப் படிக்கட்டுகளில் இரண்டைக் குறைத்துவிட்டால் ஒரு பெண் அடிபட்டுக்கொண்டே அந்த வீட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. தையல் வகுப்பை விட இது பெரிய மேம்பாடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வருமானம் முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. தொண்டு நிறுவனங்கள் அகதிகளைத் ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஊக்கத்தொகை தருகின்றன. அப்படி வேலைக்கு வந்த பெண்கள் மிரட்டப்பட்ட காலங்களும் உண்டு. பெண்களைச் சேர்த்த எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் காட்டிவிட்டு, அவர்கள் வீடு திரும்பும் வழியைப் பற்றி யோசிக்காத திட்டம் அவர்களுக்குத் தீங்கே செய்கிறது. கணவன், மாமியார், பள்ளிவாசல் இமாம், மாஜி ஆகியோரோடு முன்கூட்டியே பேசியாக வேண்டும். அதே வேளையில், ஒவ்வொன்றுக்கும் ஆண்களின் அனுமதியைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த அனுமதி ஒரு சட்டமாகவே ஆகிவிடும். எங்கே பேச வேண்டும், எங்கே பெண்களின் முடிவை மட்டும் பின்பற்ற வேண்டும் என்பதை அந்தப் பெண்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

மறுமொழி: வன்னிமண்

வணக்கம் தங்கச்சி. நான் வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இந்தத் துறையைப் ‘பால்நிலை’ என்றும், நீங்கள் அதிகாரமளித்தல் என்பதை ‘வலுவூட்டல்’ என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். சொல் வேறானாலும் வேலை ஒன்றுதான். 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்த காலத்தில் பெண்களோடு பணியாற்றினேன். பிறகு மீள்குடியேற்றத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஏழு வருடங்கள் இருந்தேன். எங்களுடையவர்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் என்பதால் சட்டப்படி அகதிகள் அல்லர், ஆனாலும் நான் பட்ட பாடங்கள் உங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

போர் முடிந்த பின்னர் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கென்று எத்தனையோ வாழ்வாதாரத் திட்டங்கள் வந்தன. கோழி கொடுத்தார்கள், ஆடு கொடுத்தார்கள், தையல் இயந்திரம் கொடுத்தார்கள். ஒரே ஊரில் முப்பது பெண்களுக்குத் தையல் இயந்திரம் கிடைத்தால் அந்த ஊரில் யாருக்கு யார் சட்டை தைப்பது? கோழித்தீவன விலையை ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. இவை கைகொடுக்காத நிலையில் நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்தன. கணவர் இல்லாத, காணாமற்போன கணவரைத் தேடிக்கொண்டிருந்த பெண்கள், ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கினார்கள். வாராவாரம் கடன் அறவிட வருபவர்களுக்குப் பயந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்தால் காணிக்குள் போய் ஒளிந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். நிலைமை மோசமானதால்தான் 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் கடன்கள் எல்லாவற்றையும் வலுவூட்டல் என்ற பெயரில்தான் கொடுத்தார்கள். நீங்கள் குழுக் கடனில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்பதால் இதைக் கூடுதலாக வலியுறுத்துகிறேன். குடும்பத்தின் முழுச் சுமையையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, அதை அவளுடைய பலம் என்று அறிக்கையில் எழுதுகிற பிழையை நாங்கள் செய்தோம். அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள். ஆனால் கேட்பதற்கே ஒரு மொழி வேண்டும். ரோஹிங்யா மொழி சிட்டகாங் பேச்சுக்கு நெருக்கமானது, வங்காளம் தெரிந்தவருக்கு அது முழுமையாக விளங்காது. மாதவிலக்கைக் குளியல் என்று பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள் என்று அங்கே வேலை செய்த என் தோழி சொன்னாள். எங்கள் அம்மம்மாமாரும் ‘தலைக்குக் குளிப்பு’ என்றுதானே சொன்னார்கள், ஆகவே எனக்கு அது உடனே விளங்கிற்று. ஆனால் மொழிபெயர்க்க வந்தவர் படித்த ஆணாக இருந்தால் அந்தச் சொல்லை வெறும் குளியலாகவே எழுதிவிடுவார், நீங்களும் குளியலறை கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். வன்முறையைப் பற்றிப் பேசும்போது இந்தத் தவறு இன்னும் ஆபத்தானது. மானம் போயிற்று என்று பொருள்படும் ஒரு சொல்லுக்குள் ஒரு பெண் எதை வைத்துச் சொல்கிறாள் என்பதை அவளைப் போன்ற இன்னொரு பெண்தான் அறிவாள்.

மறுமொழி: வைகைக்கரை

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வன்னியிலிருந்து எழுதிய அக்கா சொன்னது எனக்குத் தைத்தது. எங்கள் பகுதியிலும் ஒரு பெண் நான்கு இடங்களில் கடன் வைத்திருப்பதை அறிந்தும், குழு கடனைத் திருப்பிக் கட்டியது நூறு விழுக்காடு என்று நானே பெருமையாக எழுதியிருக்கிறேன்.

நேர்காணலுக்கு முன் செய்து தர ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். 18 முதல் 35 வயது வரையுள்ள 200 பெண்களுக்கு ஆறு மாதத் தையல் மற்றும் கைவினைத் திட்டம் ஒன்றை அவர்களே வகுத்துவிட்டார்கள், அதைப் பாலினக் கண்ணோட்டத்தில் செம்மைப்படுத்தித் தர வேண்டும். இதை எப்படி அணுகுவது? அத்துடன், ஒரு பெண் தனக்கு நேர்ந்த வன்முறையை என்னிடம் சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதையும் யாராவது விளக்கினால் நலம்.

மறுமொழி: பவானிக்கரை

வணக்கம். நான் இந்தத் துறையில் வல்லுநர் அல்ல. வல்லுநர்கள் வந்து போன முகாமில் வளர்ந்தவள். 1990இல் ஏழு வயதில் அம்மாவோடு இலங்கையிலிருந்து படகில் வந்து, மண்டபம் முகாமில் சில மாதங்கள் தங்கி, பிறகு மேற்கு மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டோம். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். தையல் திட்டம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்துக்குப் பத்து அடி அறையில் அம்மாவின் சேலையைத் திரையாகக் கட்டி, இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியுமாக இருந்த காலத்திலிருந்து நான் மூன்று முறை தையல் கற்றிருக்கிறேன். ஒருமுறை மெழுகுவத்தி, ஒருமுறை சணல் பை. சான்றிதழ்கள் எல்லாம் அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நிறைவு விழாவில் படம் எடுத்தார்கள். ஒருவரும் வந்து, “இந்த முகாமில் காலை நேரத்தில் எந்தப் பெண் வீட்டில் இருப்பாள், எவள் கூலி வேலைக்குப் போயிருப்பாள்” என்று முன்கூட்டிக் கேட்டதில்லை. கூலிக்குப் போனால்தான் அன்றைக்குச் சாப்பாடு என்று இருந்தவர்கள் வகுப்புக்கு வரவில்லை. ஓரளவு வசதி உள்ளவர்கள் வந்தார்கள். ஆக, உதவி யாருக்கு வேண்டுமோ அவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் கிடைத்தது.

உங்களிடம் கொடுத்த பயிற்சியில் அந்த 200 பெண்களில் எத்தனை பேருக்குக் கைக்குழந்தை இருக்கிறது, அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பார்கள், தைத்ததை யார் வாங்குவார்கள், வந்த பணம் யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள். 35 வயதுக்கு மேல் உள்ளவளை ஏன் விலக்கினார்கள் என்றும் கேளுங்கள். முகாமில் மிகத் தனிமையில் இருப்பவள் பல நேரங்களில் அவள்தான். அங்கே விற்பனைக்கு வழியில்லை என்றால் முகாமுக்குள்ளேயே தேவைப்படுவதைத் தைக்கச் சொல்லுங்கள். மாதவிலக்குத் துணி, பள்ளிப் பிள்ளைகளின் உடை போன்றவற்றை நிறுவனங்கள் எப்படியும் வெளியிலிருந்து வாங்கித்தானே கொடுக்கின்றன?

எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தவை எங்களில் ஒருவர் நடத்தியவைதாம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984இல் அகதிகளே தொடங்கிய அமைப்பு. முகாம் பெண்களையே அது பயிற்றுவித்துச் சுகாதாரப் பணிக்கும் மாலை வகுப்புக்கும் அமர்த்தியது. பக்கத்து வரிசை அக்கா சத்துமாவு காய்ச்சிக் கொடுத்து எடை பார்த்தபோது அவர் சொன்னதை அம்மா கேட்டார். வெளியிலிருந்து வந்தவர்கள் சொன்னதற்குத் தலையாட்டினார், அவ்வளவுதான். 1991க்குப் பிறகு சில ஆண்டுகள் தொண்டு அமைப்புகள் முகாம்களுக்குள் வருவதும் எங்கள் பிள்ளைகள் கல்லூரியில் சேருவதும் தடைபட்டன. அப்போதும் எங்கள் முகாமில் மாலை வகுப்பு நிற்கவில்லை, ஏனெனில் அதை நடத்திய அக்காமார் முகாமுக்குள்ளேயே இருந்தார்கள்.

உரிமை இல்லாத இடத்தில் மேம்பாடு என்ன என்று கேட்டீர்கள். 2021இல் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்க்கு நலத்திட்டங்களை அறிவித்தது, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது, அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. எங்கள் முகாமில் புது வீடுகள் வந்தன, கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்ற முடிகிறது. அதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் என் மகள் இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே படித்தும் குடிமகள் ஆகவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இல்லை. நான் சேமித்த பணத்தில் என் பெயருக்கு ஒரு சென்ட் நிலம் வாங்க வழியில்லை. ஆகவே தயவுசெய்து, உரிமை கிடைக்காததை ஈடுகட்டத்தான் திட்டம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். உரிமைக்காகப் பேசுவதையும் உங்கள் பணியின் பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது, அறிக்கையில் அந்த உண்மையை மறைக்காமல் எழுதுங்கள்.

அடிவாங்கிய பெண்ணைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் வரிசையில் ஒரு பெண்ணுக்காக நல்லெண்ணத்தோடு வெளியிலிருந்து வந்த ஒருவர் காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். அவளைக் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களின் இருப்பே பதிவேட்டையும் வருகைக் கணக்கையும் நம்பியிருப்பதால், காவல் துறை என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கணவனிடம் இருந்த அச்சத்தை விடப் பெரிய அச்சம் வந்தது. அதன் பிறகு அவள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவளைக் கேளுங்கள்.

மறுமொழி: கணக்குப்பிள்ளை

கண்காணிப்பு, மதிப்பீட்டுப் பிரிவில் இருப்பவன் என்பதால் ஒரு பகுதியை மட்டும் சேர்க்கிறேன். பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை, வழங்கிய பொருள்களின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் நிதியளிப்பவர் கேட்பார், கொடுத்தாக வேண்டும். அவற்றோடு வேறு சிலவற்றையும் உங்கள் அட்டவணையில் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பாதியில் நின்ற பெண்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள்? கடந்த மாத உணவுப் பற்றுச்சீட்டில் எதை வாங்குவது என்று யார் முடிவு செய்தார்கள்? பெண்கள் சொன்ன குறைகளில் எத்தனைக்குத் திட்டம் தன்னை மாற்றிக்கொண்டது?

நிதி குறையும் என்பதையும் கருத்தில் கொண்டே திட்டமிடுங்கள். 2023இல் உலக உணவுத் திட்டம் அங்கே ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவியை மார்ச்சில் 10 ஆகவும் ஜூனில் 8 ஆகவும் குறைக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டில்தான் மீண்டும் உயர்த்த முடிந்தது. பங்கீடு குறையும் மாதங்களில் தாய் தன் சாப்பாட்டைக் குறைக்கிறாள், மகளை விரைவில் மணமுடித்து அனுப்பும் பேச்சு வீட்டில் எழுகிறது. அந்த மாதங்களுக்கென்று திட்டத்தில் என்ன மாற்றம் செய்வீர்கள் என்று நேர்காணலில் நீங்களாகவே எடுத்துச் சொன்னால், களத்தை அறிந்தவர் என்று அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மறுமொழி: நெய்தல்

பவானிக்கரை அக்கா எழுதியதைப் படித்த பின் என் முதல் மறுமொழியில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். அகதிப் பெண் சொன்னதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எழுதினேன். அதோடு நிற்காமல், அவளையே அந்தக் கூட்டத்தில் உட்கார வைக்க முயன்றிருக்க வேண்டும். நான் இருந்த காலத்தில் அதை ஒரே ஒரு முறைதான் செய்தேன்.

வன்முறை பற்றிக் கேட்டீர்கள். முதலாவது, நீங்களாகத் தோண்டிக் கேட்கக் கூடாது. சிகிச்சையும் ஆதரவும் கிடைக்க வழியில்லாத இடத்தில் பாலியல் வன்முறை பற்றிய தகவலைத் திரட்டவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட நெறிமுறைகள் சொல்கின்றன. குழுக் கூட்டத்தில் “உங்களில் யாருக்கு இப்படி நடந்தது” என்று கேட்பது கொடுமை. பெண்கள் எங்கே பாதுகாப்பாக உணர்கிறார்கள், எங்கே உணரவில்லை என்று பொதுவாகக் கேட்டால் போதும்.

ஆனால் ஒரு பெண் தானாகச் சொன்னால், இடையில் குறுக்கிடாமல் கேளுங்கள். பெயரைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள், படம் எடுக்காதீர்கள், அவள் கணவனையோ மாஜியையோ போய்ப் பார்க்காதீர்கள். ‘சாலிஷ்’ என்று ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று அங்கே நடக்கும். அதில் பெரும்பாலும் பெண்ணைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்புவார்கள் என்பதால் அதற்கு நீங்கள் ஏற்பாடு செய்யவே கூடாது. எங்கே போகலாம், அங்கே என்ன கிடைக்கும், போனால் யாருக்கெல்லாம் தெரியவரும் என்பதைச் சொல்லி முடிவை அவளிடம் விடுங்கள். பாலியல் வன்முறை என்றால் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும் அவசரக் கருத்தடையை 120 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும் என்பதை அவள் அறிந்து முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு முகாமிலும் எந்தச் சேவை எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். ஆனால் 2025இல் அமெரிக்க நிதி வெட்டப்பட்ட பின் மூடப்பட்ட இடங்கள் உண்டு என்பதால் பட்டியலை நம்பாமல் முதல் வாரத்திலேயே நீங்களே நடந்து போய்ப் பாருங்கள்.

பெண்களுக்கான இடங்களை அங்கே ‘ஷாந்தி கானா’ என்கிறார்கள். நம் சாந்திதான், கானா என்றால் வீடு. வெளியில் தையல் வகுப்பு என்று தெரியும் அந்த இடத்துக்கு ஒரு பெண் வருவதற்கு அவள் வீட்டார் தடை சொல்ல மாட்டார்கள். உள்ளே வந்த பின் ஒரு மூலையில், வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணைநிற்கும் பணியாளரோடு தனியாகப் பேச முடியும். ஆகவே உங்களுக்குக் கொடுத்த தையல் திட்டத்தை முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள். அது வருமானம் தரும் என்று மட்டும் எழுதாதீர்கள். வருவதற்கு ஒரு காரணமும், உட்கார்ந்து பேச ஓர் இடமும் தரும் என்று எழுதுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளையும் செலவுக் கணக்கில் சேர்த்து, வயது வரம்பை எடுத்துவிடுங்கள்.

வேலையை ஏற்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. முழுநேர ஊக்கத்தொகையோடு இரண்டு ரோஹிங்யாப் பெண் மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் போதாது, ஒருவருக்கு உடல்நலம் இல்லாத நாளில் ஆண் ஒருவரை அனுப்புவார்கள்.

மறுமொழி: வைகைக்கரை

இன்று இரவே அந்தக் கடிதத்தை எழுதுகிறேன். திட்டத்துக்கான திருத்தத்தையும் மாற்றிவிட்டேன். முதல் மூன்று வாரங்கள் வகுப்பு இல்லை, முகாமின் எல்லாத் தொகுதிகளிலும் வெவ்வேறு வயதுப் பெண்களோடு பேசி நேரத்தையும் இடத்தையும் பொருளையும் அவர்களே முடிவு செய்வது என்று போட்டிருக்கிறேன். நிதியளிப்பவர் மூன்று வாரம் வீண் என்று சொல்லக்கூடும். பவானிக்கரை அக்காவின் தகரப் பெட்டியைப் பற்றி, அவர் அனுமதித்தால், பெயரும் ஊரும் சொல்லாமல் அங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். தேர்வானால் ஜூனில் போக வேண்டியிருக்கும். அந்த மாதத்தில் முகாமுக்குள் நடக்க முடியுமா?

மறுமொழி: பவானிக்கரை

சொல்லுங்கள் தங்கை. தையலுக்கு மட்டும் மூன்று சான்றிதழ் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

மறுமொழி: நெய்தல்

ஜூனில் பருவமழை வலுத்துவிடும். குன்றுகளில் மண் சரியும், மூங்கில் படிகள் வழுக்கும், சில பாதைகளை அடைத்துவிடுவார்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி ஒன்றை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே பெண்கள் அளவில் கிடைப்பது அரிது. மழை நாளில் போவதைத் தவிர்க்காதீர்கள். அன்றைக்குத்தான் கழிப்பறைப் பாதை எப்படி இருக்கிறது, எந்தக் குடிசையின் பெண்ணால் மருத்துவமனைக்கு இறங்கி வர முடியவில்லை என்பது தெரியும்.